வீடு பெருத்தது, வீடுகள் பெருகவில்லை

லெக்சிங்டன் என்ற ஊரின் மக்கள்தொகைக் கணக்கில் ஒரு விநோதம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடமேற்கே பத்துப் பதினொரு மைல் தள்ளி இருக்கும் புறநகர் அது. 1950இல் அங்கே 17,335 பேர் வசித்தார்கள். இருபதே ஆண்டுகளில் அது 31,886 ஆனது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் கழித்து, 2010இல் எடுத்த கணக்கில் 31,394 பேர். ஏறக்குறைய ஐந்நூறு பேர் குறைவு. இத்தனைக்கும் அந்த நாற்பது ஆண்டுகளின் பிற்பாதியில், ஊரின் தெருக்களில் ஏதாவது ஒரு மனையில் பழைய வீட்டை இடித்துப் புதிய வீடு எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். இடிந்தவை சிறியவை. எழுந்தவை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெரியவை.

ஒரு காரணத்தை உடனே சொல்லிவிடலாம். குடும்பங்கள் சிறுத்துவிட்டன. 1970இல் நான்கு பேர் இருந்த வீட்டில் 2010இல் இருவரோ மூவரோ இருந்தார்கள். அது அமெரிக்கா முழுவதற்கும் பொருந்தும். 1973இல் அந்நாட்டில் புதிதாகக் கட்டிய தனிவீட்டின் சராசரிப் பரப்பு 1,660 சதுர அடி. அன்றைய சராசரிக் குடும்பத்தில் மூன்று பேர். 2015இல் வீடு 2,687 சதுர அடியாக வளர்ந்திருந்தது, குடும்பம் இரண்டரைப் பேராகக் குறைந்திருந்தது. ஆளுக்கு 550 சதுர அடியாக இருந்தது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆள் குறையக் குறைய வீடு ஏன் பெருக்க வேண்டும்? வசதி கூடினால் இடம் தேடுவது மனித இயல்பு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் லெக்சிங்டன் போன்ற ஊர்களில் நடப்பதை அந்தப் பதில் பாதிதான் விளக்குகிறது. மீதி, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

இப்படி இடிப்பதற்கு அங்கே 'டியர்டவுன்' என்று பெயர். எழும் பெருவீட்டை, ஹாம்பர்கர் கடையின் பெயரை ஒட்டி, 'மேக்மேன்ஷன்' என்று கிண்டல் செய்வார்கள். சிகாகோவை அடுத்த ஹின்ஸ்டேல், வினெட்கா, வாஷிங்டனை ஒட்டிய செவி சேஸ், நியூஜெர்சியின் பெர்கன் மாவட்ட ஊர்கள் என்று ரயில் வசதியும் நல்ல பள்ளியும் முதிர்ந்த மரங்களும் உள்ள பழைய புறநகர்கள் எல்லாவற்றிலும் 1990களிலிருந்து இது பரவியது. வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளை 2002இல் இதை ஆபத்தாகவே அறிவித்தது. 2006இல், 1889இல் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட கெனில்வொர்த் என்னும் ஊரையே அழிவின் விளிம்பில் நிற்கும் இடங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்நாளில் இதுபற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அழகைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள்: தூண்கள் போலி, கூரைகள் அதிகம், அளவு பொருந்தவில்லை. என் கருத்தில் அழகு இதில் கடைசிப் பிரச்சினை. இன்று பாதுகாக்கச் சொல்லி மன்றாடும் 1950களின் சின்ன வீடுகளையும் அவை கட்டப்பட்ட காலத்தில் ரசனையற்ற பெட்டிகள் என்றுதான் விமர்சகர்கள் திட்டினார்கள்.

அந்தச் சின்ன வீடுகள் எப்படி வந்தன என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு வீடு தேவைப்பட்டது. நியூயார்க் அருகே லெவிட்டவுனில் 1947 முதல் 1951 வரை பதினேழாயிரத்துக்கும் அதிகமான வீடுகள் ஏறத்தாழ ஒரே அச்சில் கட்டப்பட்டன. முதல் வகை வீட்டின் பரப்பு 750 சதுர அடி. (கறுப்பினத்தவர் அதில் குடியிருக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது.) லெக்சிங்டனுக்கு அதே அலை வேறு வழியாக வந்தது. பாஸ்டனைச் சுற்றிவரும் 128ஆம் எண் நெடுஞ்சாலை 1951இல் அவ்வூரைத் தொட்டது. அதே ஆண்டில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம் பக்கத்து விமானத் தளத்தில் தொடங்கியது. பொறியாளர்களும் ஆசிரியர்களும் வந்தார்கள். பால் பண்ணைகள் மனைகளாயின. கட்டடக் கலைஞர் வால்டர் க்ரோபியஸின் நிறுவனத்தைச் சேர்ந்த இளம் கலைஞர்கள் 1948 முதல் 'சிக்ஸ் மூன் ஹில்' என்ற குன்றில் தங்களுக்கென்றே எளிய நவீன வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். மற்ற இடங்களில், ஒன்றரை மாடி 'கேப்' வீடுகளும் தரைத்தளம் மட்டும் கொண்ட 'ராஞ்ச்' வீடுகளும் எழுந்தன. ஒரு சம்பளத்தில் வாங்கக்கூடிய வீடுகள். மனை மட்டும் தாராளம்.

அந்தத் தாராளம்தான் பின்னால் வினையானது. லெக்சிங்டனில் ஒரு வகைக் குடியிருப்புப் பகுதியில் மனையின் குறைந்தபட்சப் பரப்பு 15,500 சதுர அடி. நம் ஊர்க் கணக்கில் ஆறரை கிரவுண்ட். இன்னொரு பகுதியில் 30,000 சதுர அடி, பன்னிரண்டரை கிரவுண்ட். அந்த மனையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு முதன்மை வீடுதான் கட்டலாம். மனையைப் பிரிக்கவும் முடியாது. 1,200 சதுர அடி வீடு நிற்கும் ஆறரை கிரவுண்ட் நிலத்தின் விலை, ஊரின் பள்ளிகளும் பாஸ்டனின் உயிரித் தொழில்நுட்பச் சம்பளங்களும் ஏற ஏற உயர்ந்துகொண்டே போனது. ஒரு கட்டத்தில் நிலத்தின் விலை வீட்டின் விலையை விழுங்கிவிட்டது.

இதைப் பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ராபர்ட் ஹெல்ஸ்லியும் ஸ்டூவர்ட் ரோசன்தாலும் 1994இல் கனடாவின் வான்கூவர் நகர விற்பனைகளை ஆராய்ந்து, இடிப்பதற்காக வாங்கப்படும் வீட்டின் விலை வெறும் காலி மனையின் விலைதான் என்று நிறுவினார்கள். சிகாகோவிலும் அதன் புறநகர்களிலும் அதே முறையைப் பயன்படுத்திய ரிச்சர்ட் டையும் டேனியல் மேக்மிலனும் 2007இல் இதையொட்டிய முடிவுக்கு வந்தார்கள். இடிபடும் வாய்ப்பு அதிகமான வீட்டில் எத்தனை அறை, எத்தனை குளியலறை, எந்த ஆண்டுக் கட்டுமானம் என்பதெல்லாம் விலையைத் தீர்மானிப்பதில்லை. நிலத்தின் அளவும் இருக்குமிடமும்தான் தீர்மானிக்கின்றன.

இதன் விளைவு, இடிக்கப்படும் வீட்டோடு நிற்பதில்லை. தெருவில் இரண்டு வீடுகள் இடிந்ததும் மூன்றாம் வீட்டுக்காரருக்கு, தம் சமையலறையைப் புதுப்பித்தாலும் விற்கும்போது ஒரு காசு கூடக் கிடைக்காது என்று புரிகிறது. கூரை ஒழுகினால் ஒட்டுப்போடுகிறார், மாற்றுவதில்லை. வீடு தேய்கிறது. தேய்ந்த வீடு இடிக்கத் தகுந்த வீடாகத் தெரிகிறது. எண்பது ஆண்டுகள்கூட ஆகாத திடமான மரவீடு 'ஆயுள் முடிந்தது' என்று சொல்லப்படுவதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

காட்சி எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றே. முதலில் தபாலில் கடிதம் வரும். வீட்டைப் பழுதுபார்க்க வேண்டாம், தரகுக் கூலி இல்லை, வேண்டாத சாமான்களை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம் என்று கட்டுநர் எழுதியிருப்பார். 1960களில் குடிவந்து, பிள்ளைகள் பறந்துபோன பிறகு மாடிப்படி ஏற முடியாமல் தவிக்கும் முதியவர்களுக்கு அது நல்ல பேரம். அவர்களின் ஒரே சேமிப்பு அந்த நிலம்தான். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. விற்பனை முடிந்ததும் மின்சாரமும் எரிவாயுவும் துண்டிக்கப்படும். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அகற்றப்படும். பிறகு ஒரு மண்வாரி இயந்திரம் வந்து காலையில் தொடங்கி மாலைக்குள் வீட்டைக் குவியலாக்கிவிடும். அதற்குப் பிறகுதான் தொல்லை. நியூ இங்கிலாந்து நிலத்தில் சில அடி தோண்டினால் பாறை. ஆழமான அடித்தளம் வேண்டும் என்பதால் பாறையை இயந்திரச் சுத்தியலால் நாள் முழுவதும் உடைப்பார்கள். அக்கம்பக்கத்தார் புகார் செய்யலாம், நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம், நிறுத்த முடியாது.

எழும் வீடு விதிகள் விடும் கடைசி அங்குலம் வரை நிமிர்ந்து நிற்கும். லெக்சிங்டனின் அட்சரேகையில் டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 24 பாகைதான் உயரும். 35 அடி உயர வீட்டின் நிழல் அப்போது 75 அடிக்கு மேல் நீளும். வடக்குப் பக்கம் இருக்கும் ஒற்றைத்தள வீட்டுக்காரருக்குக் குளிர்காலம் முழுக்க ஜன்னலில் வெயில் விழாது. பெரிய கூரையில் விழும் மழையும் கணக்கில் வர வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,360 லிட்டர் நீர். கூரை இரண்டாயிரம் சதுர அடி கூடி, காரோட்டும் பாதையும் அகலமானால், முன்பு புல்லிலும் மரவேரிலும் இறங்கிய நீர் தாழ்வான மனையின் அடித்தள அறையைத் தேடிப் போகும். இன்று பல ஊர்கள் மழைநீரை மனைக்குள்ளேயே இறக்கும் தொட்டிகளைக் கட்டச் சொல்கின்றன. மரங்களுக்கு லெக்சிங்டன் 2001இலேயே தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் அது காத்தது எல்லையோரத்தில் விடவேண்டிய இடத்தில் நிற்கும் மரங்களை மட்டும். மனையின் நடுவில் நூறு வயது ஓக் மரம் நின்றால் அதைக் கேட்க நாதியில்லாமல் இருந்தது.

ஊர் நிர்வாகம் ஏன் சும்மா இருக்கிறது? மாசசூசெட்ஸில் 1980இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 'ப்ரோபோசிஷன் இரண்டரை' என்ற சட்டம், சொத்துவரி வசூலை ஓர் ஊர் ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் உயர்த்த விடாது. உயர்த்த வேண்டுமானால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஆனால் புதிய கட்டுமானத்தால் கூடும் மதிப்பு இந்த வரம்புக்கு வெளியே. 10 லட்சம் டாலர் வீடு இருந்த இடத்தில் 28 லட்சம் டாலர் வீடு வந்தால் (ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்) கூடுதல் மதிப்பின் வரி அப்படியே ஊர்க் கருவூலத்துக்கு. ஊராட்சிகள் இடிப்பை வரவேற்றன என்று சொல்வது மிகை. தடுக்க அவசரம் காட்டவில்லை என்பது உண்மை. வரவுக்கு எதிர்ப்பக்கம் செலவும் உண்டு. பிள்ளையில்லாத முதிய தம்பதி போன இடத்துக்குப் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வருகிறது. பள்ளிக்காகவே வருகிறது.

வருபவர்கள் யார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2020 கணக்கெடுப்பில் லெக்சிங்டன் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆசிய வம்சாவளியினர். சீனர்களும் இந்தியர்களும் அதிகம். தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அப்பா அம்மாவுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை, தனிக் குளியலறை வேண்டும் என்று நினைப்பது ஆடம்பரம் இல்லை. 1955இன் கேப் வீட்டில் அதற்கு வழியில்லை. அதன் சுவரில் காப்புறை குறைவு, வண்ணத்தில் ஈயம், படிக்கட்டு செங்குத்து. ஆக, நிறத்தால் இந்த ஊர்கள் 1970ஐவிடப் பன்மடங்கு கலந்துவிட்டன. வருமானத்தால் சுருங்கிவிட்டன. அந்தப் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியரும் தீயணைப்பு வீரரும் முன்பு வாங்கிய அதே தெருவில் இன்று எதையும் வாங்க முடியாது, ஏனென்றால் அவர்கள் வாங்கக்கூடிய வீடு இடிந்துவிட்டது.

ஊர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. செவி சேஸ் 2005இல் ஆறு மாதம் இடிப்பையே நிறுத்திவைத்தது. பாஸ்டன் புறநகரான நியூட்டன் பழைய கட்டடங்களை இடிக்கும் முன் பரிசீலனையை விதித்து, பாதுகாக்கத் தக்கவை என்று கண்டால் ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருக்கச் சொல்கிறது. இதில் ஒரு கட்டுநர் தோற்றுப்போவது அபூர்வம். வாங்கிப் போட்டு, வாடகைக்கு விட்டு, ஓராண்டு கழித்து இடிக்கிறார். தாமதத்தின் வட்டி புதிய வீட்டின் விலையில் ஏறுகிறது. அதை அடுத்த வெல்ஸ்லி 2007இல் பெருவீடுகளுக்குத் தனிப் பரிசீலனை கொண்டுவந்தது. சிறிய மனைப் பகுதியில் வாகனக் கொட்டிலையும் சேர்த்து 3,600 சதுர அடிக்கு மேல் போனால் திட்டக் குழுவின் முன் நிற்க வேண்டும். அடித்தளம் முதல் வெளிவிளக்கு வரை கேள்வி கேட்பார்கள். அதற்குப் பயந்தே பல வீடுகள் அந்த அளவுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வரையப்படுவது இயல்பான விளைவு. நீதிமன்றமும் தலையிட்டது. நார்வெல் ஊர் வழக்கில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னது: விதி கேட்கும் பரப்பைவிடச் சிறிய பழைய மனையில், ஓரங்களில் விட வேண்டிய இடத்தை ஒழுங்காக விட்டாலும், மிகப் பெரிய வீட்டைக் கட்டுவதே விதிமீறலைக் கூட்டுவதாகும். அளவுக்கும் அண்டைக்கும் தொடர்பு உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்ட தருணம் அது.

இவை எல்லாமே இடிப்பின் வேகத்தையோ வீட்டின் பருமனையோ பற்றிய விதிகள். வீடுகளின் எண்ணிக்கையை எதுவும் தொடவில்லை. இந்த இடத்தில்தான் சென்னை வாசகருக்கு உறுத்த வேண்டும். அடையாறிலோ மேற்கு மாம்பலத்திலோ இரண்டு கிரவுண்டில் நிற்கும் பழைய தனிவீடு இடிந்தால் அங்கே பத்துப் பன்னிரண்டு ஃபிளாட் எழும். ஜாயின்ட் வென்ச்சர் என்று உரிமையாளருக்கு இரண்டோ மூன்றோ கிடைக்கும், மற்றவை விற்கப்படும். 2019இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு கட்ட அனுமதிக்கின்றன. அதன் கேடுகளை, போர்வெல் வறண்டதையும் கார் நிறுத்த இடமில்லாததையும், நாம் அறிவோம். ஆனால் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் பத்துக் குடும்பம் குடியேறுகிறது. லெக்சிங்டனில் ஆறரை கிரவுண்டில் ஒரு வீடு இடிந்தால் ஒரு வீடுதான் எழும். நிலத்தின் விலை ஏறிவிட்டது, அந்த விலையைப் பலர் பங்கிட்டுக்கொள்ளச் சட்டம் விடாது, ஆகவே ஒருவரே மொத்தமாகக் கொடுக்க வேண்டும். அவ்வளவு கொடுப்பவருக்கு 1,500 சதுர அடியை விற்க முடியுமா? கட்டுநர் ஐயாயிரம் சதுர அடி கட்டுவதற்குக் காரணம் அவருடைய ரசனையோ பேராசையோ மட்டும் இல்லை. பணத்தை மீட்க அவருக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் ஒரே கதவு அது.

'ஒரு மனைக்கு ஒரு குடும்பம்' என்ற விதி வானத்திலிருந்து விழுந்ததல்ல. கலிஃபோர்னியாவின் பெர்க்லி 1916இல் அதைக் கொண்டுவந்தது. 1926இல் யூக்ளிட் ஊர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய வகைப்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. தனிவீட்டுப் பகுதியில் முளைக்கும் அடுக்ககத்தை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது அத்தீர்ப்பு. நேரடியாக இனத்தின் பேரால் ஒதுக்க முடியாமல் போன இடங்களில், மனையின் அளவால் ஒதுக்க இந்த வகைப்பாடு உதவியது. ஹார்வர்டின் எட்வர்ட் கிளேசரும் பிரைஸ் வார்டும் பாஸ்டனைச் சுற்றிய 187 ஊர்களின் விதிகளை அலசி, குறைந்தபட்ச மனைப் பரப்பு கூடக் கூடப் புதிய வீடுகள் குறைவதைக் காட்டினார்கள்.

எண்ணிக்கையையும் பருமனையும் சேர்த்து யோசித்த ஊர்களும் உண்டு. டெக்சஸின் ஆஸ்டின் நகரம் 2006இல் 'மேக்மேன்ஷன் சட்டம்' என்றே பெயர்பெற்ற விதியை இயற்றி, மனைப் பரப்பில் 40 சதவீதம் அல்லது 2,300 சதுர அடி, எது அதிகமோ அதுவரை கட்டலாம் என்றது. வீடுகள் சற்று மெலிந்தன, விலை இறங்கவில்லை. 2023 டிசம்பரில் அதே நகரம் ஒரு மனையில் மூன்று வீடுகள் வரை கட்டலாம் என்று மாற்றியது. இன்னும் தெளிவாகச் செய்தது ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட். 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அதன் விதிப்படி, 5,000 சதுர அடி மனைகள் உள்ள பகுதியில் ஒரே வீடு கட்டினால் மனைப் பரப்பில் பாதி, அதாவது 2,500 சதுர அடிதான். இரண்டு வீடானால் 3,000. மூன்றோ நான்கோ ஆனால் 3,500. பெரிதாகக் கட்ட விரும்பினால் அதிகம் பேருக்கு இடம் கொடு என்று சட்டம் பேரம் பேசுகிறது. இடிப்பை இந்த விதி நிறுத்தாது. இடிப்பதற்குப் பலன் இருக்கும்படி செய்கிறது. நான் படித்த விதிகளில் பிரச்சினையின் வேரைத் தொட்டது இதுதான்.

மாசசூசெட்ஸ் மாநிலமும் தன் பங்குக்கு 2021 ஜனவரியில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பாஸ்டன் போக்குவரத்துக் கழகத்தின் சேவைக்கு உட்பட்ட 177 ஊர்களில், ஒவ்வொன்றும் ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடுகள் வீதம் அடுக்ககம் கட்டத் தனி அனுமதி தேவைப்படாத ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். பல ஊர்கள் முரண்டு பிடித்தன. மில்டன் ஊரின் விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சட்டம் செல்லும் என்ற தீர்ப்பு வந்தது. லெக்சிங்டன் மாறாக முன்வரிசையில் நின்றது. ஒன்பது வட்டங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் 189 உறுப்பினர்கள் கொண்ட அதன் ஊர்க்கூட்டம் 2023 ஏப்ரலில், கட்டாயத்தைத் தாண்டி 227 ஏக்கரை ஒதுக்கியது. மற்ற ஊர்களுக்கு முன்மாதிரி என்று பாராட்டினார்கள்.

இரண்டே ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கான திட்டங்கள் வரிசையில் நின்றன. ஊர் திடுக்கிட்டது. பள்ளி தாங்குமா, சாலை தாங்குமா, ஊரின் முகம் மாறிவிடாதா என்று கூட்டங்களில் குரல்கள் எழுந்தன. அவை பொய்யான கவலைகள் அல்ல. ஆனால் முப்பது ஆண்டுகளாகத் தெருத்தெருவாக முகம் மாறியபோது ஒரு மனைக்கு ஓர் அனுமதிச் சீட்டாக அது நடந்ததால் இப்படி ஒரு கூட்டம் கூட வேண்டி வரவில்லை. 2025 மார்ச்சில் சிறப்பு ஊர்க்கூட்டம் கூடி, 227 ஏக்கரைச் சுமார் 90 ஏக்கராகக் குறைத்தது. ஏற்கெனவே விண்ணப்பித்த திட்டங்கள் பழைய விதியின் கீழ் தொடர்கின்றன. 2025 பிப்ரவரியிலிருந்து மாநிலச் சட்டம் தனிவீட்டு மனைகளில் 900 சதுர அடி வரை ஒரு சிறு துணைவீட்டைச் சேர்த்துக்கொள்ள உரிமை தருகிறது, அது ஒரு தொடக்கம். மற்றபடி, வரலாற்றுப் பட்டியலில் இல்லாத ஒரு கேப் வீட்டை இடித்து, அதே மனையில் அதே ஒரு குடும்பத்துக்கு மூன்று மடங்கு பெரிய வீட்டைக் கட்டும் உரிமையை அந்தக் கூட்டம் தொடவில்லை.